இலவசம்னா எல்லாருக்கும்னு யார் சொன்னது?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகமா இருந்ததால இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு போச்சு. இன்னிக்கும் எழுதற மூடு இல்லை. ஆனா நண்பர் ஒருத்தர் பதிவுல நடந்த கும்மியைப் பார்த்ததுக்கு அப்புறம் கை சும்மா இருக்க மாட்டேங்குது. பின்னூட்டமாத்தான் போட ஆரம்பிச்சேன். அது அவரோட பதிவை விட நீளமா வளர்ந்துடுச்சு. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில எதுக்கு இவ்வளவு நேரம் கத்தணும், சொந்தத் திண்ணையிலயே கத்துவோம்னு இங்க கொண்டு வந்துட்டேன்.

விவகாரம் இதுதான். ஆஸ்திரேலியாவுல தேசியப் பூங்காக்களுக்குள்ள கூடாரம் போட்டோ, கேரவன் நிறுத்தியோ தங்கறதுக்குக் காசு வாங்கலாமா, கூடாதா?

ஒரு கட்சி சொல்லுது: "காடும் கடலும் மக்கள் சொத்து. வரி கட்டியாச்சு. எதுக்குத் தனியா காசு? மொத்தமா இலவசமாக்கு."

இன்னொரு கட்சி சொல்லுது: "கூட்டம் ஜாஸ்தியா? விலையை ஏத்து. தானா குறையும். இதுகூடத் தெரியலேன்னா எக்கனாமிக்ஸ் படி."

ரெண்டு பக்கமும் நல்ல மனுஷங்கதான். ரெண்டு பக்கமும் சொல்றது தப்பு. நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் அடி வாங்கற ஆசையில இதைச் சொல்லலை. ரெண்டையும் இந்த ஊர் செஞ்சு பார்த்திருக்கு, இல்லேன்னா செய்யப் பார்த்திருக்கு. அதனால சொல்றேன்.

நான் இருக்கற விக்டோரியா மாநிலத்துல, 2024 டிசம்பர் 1-லேர்ந்து 2025 ஜூன் 30 வரைக்கும், அரசுப் பூங்காக்கள்ல முகாம் இடங்களுக்கான கட்டணத்தை முழுசா ரத்து பண்ணினாங்க. விலைவாசியில தவிக்கற குடும்பங்களுக்கு உதவின்னு காரணம் சொன்னாங்க. கேட்கறதுக்கு இனிக்குது இல்லையா? எனக்கும் இனிச்சுது.

நடந்தது என்ன? காசு இல்லைன்னதும் அடிச்சுப் பிடிச்சு புக் பண்ணினாங்க. போவோமா மாட்டோமான்னு தெரியாதவங்களும் புக் பண்ணினாங்க. மூணு ஊர்ல மூணு இடம் எடுத்து வச்சுக்கிட்டு, கடைசி நாள் வானிலையைப் பார்த்து ஒண்ணுக்குப் போனவங்களும் உண்டு. மத்த ரெண்டையும் ரத்து பண்ணணும்னு தோணலை. ஏன் தோணும்? பத்து பைசா நஷ்டம் இல்லையே! இணையத்துல பார்த்தா "இடம் இல்லை". நேர்ல போனா புல்லு மட்டும் காத்துல ஆடுது. இதுக்கு "கோஸ்ட் கேம்பிங்"னு பேரே வந்துடுச்சு. பேய்க்கு இடம் கிடைக்குது, மனுஷனுக்கு இல்லை. கடைசியில, 2025 ஜூலையிலேர்ந்து பாதிக் கட்டணம்னு மாத்தினாங்க.

பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் நேர் எதிர்த் திசையில கிளம்பிச்சு. இடத்தைத் தரம் பிரிச்சு, சீசனைத் தரம் பிரிச்சு, பிரபலமான இடங்களுக்கு உச்ச சீசன்ல ஒரு ராத்திரிக்கு 89 டாலர் வரைக்கும் வாங்கலாம்னு ஒரு திட்டத்தை 2025 தொடக்கத்துல மக்கள் கருத்துக்கு வச்சாங்க. மக்கள் கருத்து எப்படி வந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். கூடாரத்தை நீதான் கொண்டு வரணும், பாயும் உன்னுது, விளக்கும் உன்னுது. தரைக்கு மட்டும் 89 டாலர்!

இப்ப என் அனுபவத்துக்கு வர்றேன். போட்டோ கேட்காதீங்க, இது பயணக் கட்டுரை இல்லை.

2025 மார்ச் மாச நீண்ட வார இறுதியோட ரெண்டு நாள் லீவையும் சேர்த்துப் போட்டு, குடும்பத்தோட கேரவன்ல வில்சன்ஸ் ப்ராமன்டரி பக்கம் போனோம். கேரவன்னதும் நம்ம ஊர் ஷூட்டிங்ல ஹீரோ மேக்கப் போடற வண்டியை நினைச்சுக்காதீங்க. இது கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு. உள்ள ஒரு கட்டில், குழந்தைங்களுக்கு ரெண்டடுக்குப் படுக்கை, ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு, ஒரு குட்டி ஃபிரிட்ஜ். மேசையை மடிச்சா அதுவும் படுக்கை. நான், தங்கமணி, மூணு வயசு மகள், ஊர்லேர்ந்து வந்திருந்த அப்பா, அம்மா. அஞ்சு பேரு, நாலு ராத்திரி. அம்மா உள்ள நுழைஞ்சதும் சொன்னாங்க, "ஏண்டா, நல்லா இருக்கற வீட்டைப் பூட்டிட்டு ரயில் பெட்டியில குடித்தனம் பண்ணவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

அந்தப் பூங்கா தெரியாதவங்களுக்காக: மெல்போர்ன்லேர்ந்து தென்கிழக்கே 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஆஸ்திரேலியப் பெருநிலத்தோட தென்கோடி முனை இங்கதான் இருக்கு. கிட்டத்தட்ட 50,000 ஹெக்டேர் காடும், மலையும், கடற்கரையும். இங்க "ப்ராம்"னு செல்லமா சொல்லுவாங்க. பூங்காவுக்குள்ள தங்கற இடத்துக்குப் பேரு டைடல் ரிவர். ஆத்துத் தண்ணி டிகாக்ஷன் நிறத்துல இருக்கும். அழுக்கு இல்லை, கரையில இருக்கற டீ-ட்ரீ செடிகள்லேர்ந்து ஊறி வர்ற டானின். பக்கத்துல ஸ்க்வீக்கி பீச்சுன்னு ஒண்ணு இருக்கு. பேருக்கு ஏத்த மாதிரி, மணல்ல நடந்தா கீச் கீச்சுன்னு சத்தம் வரும். குவார்ட்ஸ் மணல், உருண்டையான துகள், ஒண்ணோட ஒண்ணு உரசற சத்தம். என் மகள் அரை மணி நேரம் அதுலயே காலைத் தேய்ச்சுக்கிட்டு நின்னா. "மணல் ஏன்ப்பா கத்துது?"ன்னு அவ கேட்ட கேள்விக்கு எங்க அப்பா சொன்ன பதில், "நீ மிதிக்கிறே இல்ல, அதான்".

நாங்க தங்கினது பூங்காவுக்குள்ள இல்லை. அப்பாவோட இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் எந்நேரமும் ஓடணும், அதனால கரண்ட் கனெக்ஷன் உள்ள இடம்தான் வேணும். யானகி ஊர்ப் பக்கம், பூங்காவை ஒட்டி, கடல் ஓரமா இருந்த ஒரு தனியார் கேரவன் பார்க்குல இடம் பிடிச்சோம். தினம் காலையில கார்ல பூங்காவுக்குள்ள போயிட்டு, இருட்டறதுக்குள்ள திரும்பிடுவோம். வாசல்லேர்ந்து டைடல் ரிவர் வரைக்குமே 30 கிலோமீட்டர். இருட்டினதுக்கு அப்புறம் கங்காருவும் வாம்பாட்டும் ரோட்டுக்கு வந்துடும், இடிச்சா அதுக்கும் சேதம், நமக்கும் சேதம்.

தனியார் பார்க்குல போன்ல பேசினப்பவே முன்பணம் கேட்டாங்க. ஒரு வாரத்துக்கு முன்னாடி சொன்னா திருப்பித் தருவோம், அப்புறம் சொன்னா இல்லைன்னாங்க. நான் கட்டினேன். நீண்ட வார இறுதியில அந்த இடத்துல ஒரு மனை கூட சும்மா கிடக்கலை. பக்கத்து மனையில மகளை விடச் சின்னப் பையனோட ஒரு குடும்பம். எதிர்ல, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வருஷம் பூரா கேரவன்லயே சுத்தற ஒரு வயசான தம்பதி. அம்மா வச்ச ரசத்து வாசனைக்கு அந்தப் பாட்டி கப்போட வந்துட்டாங்க. அது தனிக் கதை.

சாயங்காலம் வெளியில நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, இந்த இலவசக் கதையை அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ரயில்வேல ரிசர்வேஷன் கவுண்ட்டர்ல முப்பது வருஷத்துக்கு மேல உட்கார்ந்தவர். சேர்ந்த புதுசுல பெரிய லெட்ஜர்ல பேனாவால பேர் எழுதினவர். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது சரிப்பா, வராத ஆளோட இடத்தை யாரு எடுத்து யாருக்குக் குடுக்கறாங்க?"

"இந்த சீசன்ல நடக்கறதைப் பார்த்தா, யாரும் எடுத்து யாருக்கும் குடுக்கற மாதிரி தெரியலைப்பா."

"அப்ப டி.டி.ஆர். இல்லாத ரயில்னு சொல்லு."

அவ்வளவுதான். எங்க கட்சிக்கார நண்பர்கள் நூத்துக்கணக்கான பின்னூட்டத்துல தொடாத விஷயத்தை அவர் ஒரு வரியில தொட்டுட்டார். இனி நான் சொல்லப் போறதெல்லாம் அதோட விரிவுரைதான்.

யோசிச்சுப் பாருங்க. நம்ம ரயில்ல ஆர்.ஏ.சி.ன்னு ஒண்ணு இருக்கு. சைடு லோயர்ல ரெண்டு பேரு முட்டி மோதி உட்கார்ந்திருப்பாங்க. டி.டி.ஆர். சார்ட்டை வச்சுக்கிட்டு வருவார். 23-ஆம் நம்பர் பெர்த்துல ஆள் வரலைன்னு தெரிஞ்சா, ஆர்.ஏ.சி.ல இருக்கறவருக்கு அந்த பெர்த் போயிடும். வராதவர் பெரிய அதிகாரியா, சின்ன ஆளா, டிக்கெட்டுக்கு எவ்வளவு குடுத்தார், எதுவும் கேள்வி இல்லை. வரலை, அவ்வளவுதான். ரயில்வேயை ஆயிரம் திட்டலாம், நானும் திட்டியிருக்கேன். ஆனா காலியா போற பெர்த் பாவம்ங்கற அறிவு அந்த அமைப்புக்கு இருக்கு.

இலவசக் கட்சி நண்பர்களே, உங்ககிட்ட முதல்ல பேசறேன். உங்க மனசு நல்ல மனசு. ஏழைக் குடும்பமும் கடல் ஓரமா ரெண்டு நாள் இருக்கணும்னு நினைக்கறீங்க. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா? எங்க பயணத்துல கேரவன் வாடகை 600 டாலர். இழுத்துட்டுப் போற வண்டி பெட்ரோலைக் குடிச்ச குடியில 180 டாலர். தங்கின இடத்துக்கு, அதுவும் தனியார் இடத்துக்கு, 240. அரசுப் பூங்காவுல கூடாரம் போடற இடத்துக்கு வழக்கமா இதை விடக் குறைச்சல்தான் ஆகும். அதாவது நீங்க தள்ளுபடி பண்ணச் சொல்றது மொத்தச் செலவுல ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டு இல்லாததால மட்டும் ஏழைக் குடும்பம் கிளம்பிடாது.

அப்ப ஏழைக் குடும்பத்தைத் தடுக்கறது எது? தேதி!

நான் பொட்டி தட்டறவன். மார்ச்ல லீவு வேணும்னா செப்டம்பர்லயே மேனேஜர்கிட்ட சொல்லி வச்சுக்கலாம். புக்கிங் திறக்கற நிமிஷத்துல ரெண்டு பிரவுசரைத் திறந்து வச்சுக்கிட்டு உட்காரலாம். ஆபீஸ் இணைய வேகம் வேற. ஆனா முதியோர் இல்லத்துல ஷிஃப்ட் பார்க்கறவங்க, கிடங்குல கேஷுவலா வேலை பார்க்கறவங்க, ஊபர் ஓட்டறவங்க நிலைமை என்ன? இந்த ஊர்ல அந்த வேலையில இருக்கற நம்ம ஆளுங்களே எத்தனை பேர்? அவங்களுக்கு ரோஸ்டர் வர்றதே ஒரு வாரம், ரெண்டு வாரம் முன்னாடி. ஆறு மாசம் கழிச்சு எந்த வெள்ளிக்கிழமை லீவுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்கு லீவு உறுதியாகறப்ப இணையத்துல எல்லாமே "இடம் இல்லை". அதுல எத்தனை மனை நிஜமா நிரம்பியிருக்கு, எத்தனை பேய் பிடிச்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது.

ஆக, இலவசம்னு நீங்க குடுத்தது யாருக்குப் போச்சு? எனக்கு! மாசச் சம்பளக்காரனுக்கு, முன்கூட்டியே திட்டம் போட வசதி இருக்கறவனுக்கு, மூணு இடத்தைப் பிடிச்சு வச்சுக்கற கெட்டிக்காரனுக்கு. ஏழை பேரைச் சொல்லி எனக்குச் சலுகை. இதை எதிர்த்து நான்தான் எழுத வேண்டியிருக்கு, அதான் கொடுமை.

காசு வரிசையை எடுத்துட்டா வரிசையே இல்லாம போயிடும்னு நினைக்கறீங்க பாருங்க, அங்கதான் கோட்டை விடறீங்க. இடம் 480, வர்றவங்க அதை விட ரொம்ப அதிகம்னா, வரிசை ஏதோ ஒரு ரூபத்துல இருந்தே தீரும். காசு வரிசையை எடுத்தா நெட் ஸ்பீடு வரிசை வரும், லீவு வரிசை வரும், தெரிஞ்சவன் வரிசை வரும். எந்த வரிசை நியாயம்ங்கறதுதான் கேள்வியே.

(480-ங்கறது சும்மா சொன்னதில்லை. டைடல் ரிவர்ல கூடாரத்துக்கும் கேரவனுக்கும் சேர்த்து சுமார் அத்தனை மனைதான்.)

"அப்ப இன்னும் ரெண்டாயிரம் மனை போடு"ன்னு ஒரு அனானி வருவார். ஐயா, அது பூங்கா. 2009 பிப்ரவரியில மின்னல் விழுந்து பிடிச்ச தீயில கிட்டத்தட்ட பாதிப் பூங்கா, சுமார் 25,000 ஹெக்டேர், எரிஞ்சு போச்சு. 2011 மார்ச்ல ஒரே நாள்ல 370 மில்லிமீட்டர் மழை கொட்டி, டார்பி ஆத்துப் பாலம் துண்டிச்சுப் போய், உள்ள மாட்டிக்கிட்டவங்களை ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வந்தாங்க. உள்ள போக, வெளிய வர ஒரே ரோடு. அங்க ஊரையே கொண்டு போய் வச்சா, அடுத்த தீயில யாரு பதில் சொல்றது? இடம் குறைவா இருக்கறது நிர்வாகத்தோட கஞ்சத்தனம் இல்லை. அது அந்த நிலத்தோட கொள்ளளவு.

இப்ப விலை ஏத்தற கட்சி. வாங்க சார், உட்காருங்க.

உங்க வாதம் சுத்தமா இருக்கு, ஒத்துக்கறேன். 89 டாலர் கட்டினவன் வராம இருக்க மாட்டான். காலி மனை குறையும். ஆனா என்ன பண்ணிட்டீங்க? பேயை விரட்டறேன்னு வீட்டுக்காரனையும் சேர்த்து விரட்டிட்டீங்க. நாலு ராத்திரிக்கு 356 டாலர். என்னால முடியும். கிடங்கு வேலைக்காரரால முடியாது. அவர் போயே ஆகணும்னா, மழைக்காலத்துல, குளிர்ல, பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கறப்ப போகணும். அதாவது போக மாட்டார்.

"சந்தை தீர்மானிக்கட்டும்"னு சொல்றீங்க. சந்தை தீர்மானிக்கற இடங்கள் ஏற்கெனவே கடற்கரை பூரா இருக்கு சார். பழைய கேரவன் பார்க்குகள் ஒவ்வொண்ணா மூடி, மனையெல்லாம் கேபினாவும் ரிசார்ட்டாவும் மாறிக்கிட்டு இருக்கறது இந்த ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். கூடாரம் போடற சாதாரணக் குடும்பத்துக்குக் கடல் ஓரத்துல மிச்சம் இருக்கறது இந்த அரசுப் பூங்காக்கள்தான். அங்கயும் சந்தையைக் கூட்டிட்டு வந்தா, அப்புறம் பூங்கா எதுக்கு?

இந்த ப்ராமையே எடுத்துக்குங்க. பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்த நிலம். இயற்கை ஆர்வலர்கள் போராடி, 1898-ல தேசியப் பூங்காவுக்காக ஒதுக்க வச்சாங்க. அப்புறம் ரெண்டாம் உலகப் போர் வந்தப்ப, கமாண்டோக்களுக்குப் பயிற்சி கொடுக்கறதுக்காகப் பொதுமக்களுக்கு மூடினாங்க. டைடல் ரிவர்ல அவங்க நினைவுச்சின்னம் இன்னிக்கும் இருக்கு, அப்பா செருப்பைக் கழட்டிட்டு நின்னு கும்பிட்டார். போருக்காக மக்களை வெளிய நிறுத்தினதுல ஒரு நியாயம் இருக்கு. வராதவனுக்காக நிறுத்தறதுல என்ன நியாயம்? பணம் இல்லைன்னு நிறுத்தறதுல என்ன நியாயம்?

"திட்டறது சுலபம், வழி சொல்லு"ன்னு கேட்பீங்க. சொல்றேன். இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு இதையாவது உருப்படியா பண்றேன்.

ஒண்ணு: கட்டணம் இருக்கட்டும், ஆனா சின்னதா இருக்கட்டும். புக் பண்றப்பவே கட்டணும். நாலு நாள் முன்னாடி ரத்து பண்ணினா முழுசா திரும்பக் குடுத்துடணும். இந்தக் காசு வருமானத்துக்கு இல்லை. "நான் நிஜமாவே வர்றேன்"னு சொல்ற சத்தியத்துக்கு அடமானம். நலிந்தவங்களுக்கான சலுகை அட்டை இருக்கறவங்களுக்குப் பாதி போதும்.

ரெண்டு: புறப்படறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி ஒரு குறுஞ்செய்தி. "வர்றீங்களா? ஆம், இல்லை." ரெண்டு நாள்ல பதில் இல்லைன்னா இடம் போச்சு. இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை மக்களே. ஒரு நல்ல டீமுக்கு ரெண்டு ஸ்பிரிண்ட் வேலை. பல் டாக்டர் கிளினிக்ல கூட இது ஓடிக்கிட்டு இருக்கு. காட்டுக்குள்ள போன் சிக்னல் இல்லையேன்னு கேட்காதீங்க, கேள்வி போறது ஆள் வீட்டுல இருக்கறப்பவே.

மூணு: எல்லா இடத்தையும் ஆறு மாசம் முன்னாடியே திறந்து விடக் கூடாது. ஒரு பங்கை, கால்வாசின்னு வச்சுக்குங்க, பத்து நாள் முன்னாடிதான் திறக்கணும். அதுதான் ஷிஃப்ட் வேலைக்காரருக்கான வாசல். தட்கல் ஞாபகம் வருதா? வரட்டும். ஆனா தட்கல்ல கூடுதல் காசு வாங்கறாங்க. இங்க அதே காசு. தட்கல்ல புரோக்கரும் ஸ்கிரிப்டும் புகுந்து விளையாடினதால, 2025 ஜூலையிலேர்ந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம்னு கொண்டு வந்தாங்க. இங்கயும் ஒரு ஆளுக்கு ஒரு தேதியில ஒரே இடம்னு பூட்டுப் போட்டுடணும்.

நாலு: உச்ச சீசனுக்குக் குலுக்கல். இது புதுசு இல்லை. டைடல் ரிவர்ல கிறிஸ்துமஸ், ஜனவரி விடுமுறை இடங்களுக்குப் பல வருஷமா குலுக்கல் நடந்து வந்திருக்கு. குலுக்கல்ல நெட் ஸ்பீடு செல்லாது, பணம் செல்லாது. அதிர்ஷ்டம் மட்டும்தான். எனக்குத் தெரிஞ்சு ஒரு சாப்ட்வேர்க்காரனையும் ஒரு துப்புரவுத் தொழிலாளியையும் ஒரே தட்டுல வைக்கற புக்கிங் முறை அது ஒண்ணுதான்.

அஞ்சு, முக்கியமானது: டி.டி.ஆர். வேணும்! முதல் ராத்திரி ஆள் வரலையா, போன் பண்ணித் தகவலும் சொல்லலையா, மறுநாள் மத்தியானம் ரேஞ்சர் அந்த மனையை விடுவிச்சு, வாசல்ல காத்திருக்கற குடும்பத்துக்குக் குடுக்கணும். தகவல் சொல்லாம ரெண்டு தடவை வராதவருக்கு ஒரு வருஷம் புக்கிங் கிடையாது. இதுக்கு ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும். அதுக்குத்தான் அந்தச் சின்னக் கட்டணம். இலவசமாக்கிட்டு ரேஞ்சருக்கு எங்கேர்ந்து சம்பளம் குடுப்பீங்க?

இதுல ஒரு எதிர்வாதம் வலுவானது, அதையும் நானே சொல்லிடறேன். குழந்தைக்குக் காய்ச்சல், கார் வழியில நின்னு போச்சு, இப்படி நிஜமான காரணத்தால வர முடியாதவங்களைத் தண்டிக்கறது கொடூரம் இல்லையா? கொடூரம்தான், தண்டிச்சா. அதனாலதான் "வராம" இருக்கறதுக்குத் தண்டனை கேட்கலை, "சொல்லாம" இருக்கறதுக்குக் கேட்கறேன். காய்ச்சல்ல இருக்கற குழந்தையோட அப்பாவும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். அந்தக் குறுஞ்செய்தியால இன்னொரு குழந்தை கீச் கீச் மணல்ல கால் வைக்கும். இவ்வளவுதான் சமூகம்னா.

இன்னொரு கும்பல் இருக்கு. "இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு. காசு குடுத்துத் தரையில படுக்கற பைத்தியக்காரத்தனம். நமக்கெதுக்கு இந்தச் சண்டை?" இவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. நாலு ராத்திரி அந்த ரயில் பெட்டிக்குள்ள அஞ்சு பேரு ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்டுக்கிட்டுத் தூங்கினோம். டிவி இல்லை, பாதி நேரம் சிக்னல் இல்லை. அம்மா பத்து வருஷமா என்கிட்ட சொல்லாத ஊர்க் கதையெல்லாம் சொன்னாங்க. தங்கமணியும் அம்மாவும் சேர்ந்து பாத்திரம் கழுவினாங்க, சண்டை வரலை (இதை வரலாற்றுல பதியணும்). டைடல் ரிவர் புல்வெளியில ஒரு வாம்பாட், நம்மளைக் கண்டுக்காம, முனிசிபல் கவுன்சிலர் மாதிரி நடந்து போச்சு. அதைப் பார்த்து அப்பா சிரிச்ச சிரிப்பை நான் ஸ்கூல் படிக்கறப்பதான் கடைசியா பார்த்தேன். இது வெள்ளைக்காரன் பொழுதுபோக்குன்னா, அவனே வச்சுக்கட்டும்னு விட்டுக்குடுக்க நான் தயாரா இல்லை. இந்த ஊர்ல ராத்திரி ஷிஃப்ட் பார்க்கற நம்ம ஆளுங்க குடும்பத்துக்கும் இது கிடைக்கணும். அதனால இது நம்ம சண்டைதான்.

கடைசியா ரெண்டு கட்சிக்கும் சேர்த்து: பொதுச் சொத்துன்னா விலை இல்லாத சொத்துன்னு அர்த்தம் இல்லை. விலை குடுத்தவன் சொத்துன்னும் அர்த்தம் இல்லை. நான் பயன்படுத்தலைன்னா அடுத்தவருக்கு விட்டுடணும்ங்கற சொத்து. ரயில் பெர்த்துல நமக்கு இது புரியுது. காட்டுலயும் கடற்கரையிலயும் மட்டும் ஏன் மறந்து போகுது?

திட்டறவங்க தாராளமா பின்னூட்டத்துல திட்டலாம். ஆனா ஒரு வேண்டுகோள். திட்டறதுக்கு முன்னாடி, நீங்க எங்கயாவது எதையாவது புக் பண்ணி வச்சுட்டு, போறதா இல்லைன்னு முடிவும் பண்ணிட்டு, ரத்து பண்ணாம இருக்கீங்களான்னு பாருங்க. இருந்தா அதை முதல்ல ரத்து பண்ணிட்டு வாங்க. அப்புறம் ராத்திரி பூரா கும்மலாம், நான் இங்கதான் இருப்பேன்.

டிஸ்கி: அம்மாவோட ரசப்பொடி அளவு கேட்டு யாரும் மெயில் அனுப்ப வேண்டாம். அந்த எதிர் மனைப் பாட்டி கேட்டதுக்கே "கைக்கு வந்தது போடுவேன்"னுதான் பதில் வந்துச்சு. மொழிபெயர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் :-)